ரெண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி

மாத்திரை டப்பாவைத் திறந்தால் உள்ளே சட்டைப் பொத்தான்கள் இருந்தன. நாலு ஓட்டை வைத்த, வெள்ளை வெளேரென்ற பொத்தான்கள். இருந்த வலியில் அதிலேயே ரெண்டை விழுங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

“மாத்திரை எங்க?” என்று கத்தினார். கத்தினதில் வலி இன்னும் கொஞ்சம் ஏறியது.

“டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து, ரகசியம் சொல்கிற குரலில். அந்த வீட்டில் எல்லாமே ரகசியக் குரல்தான். கதவுக் கொண்டிக்குத் துணி சுற்றியிருப்பார்கள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டியிருப்பார்கள். எல்லாம் அவர் தலைக்காக.

பஸ் கம்பெனி ஒன்றில் நேர அட்டவணை போடுகிற எழுத்தர் அவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற ஆள். டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘டைம்டேபிள்’தான். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்டர் அவரை நாலு மாதத்துக்கு முன்பு ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருந்தார். எப்போது வலிக்கிறது, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று எழுத வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ‘சாயங்காலம், பயங்கர வலி’ என்று கிறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். நம்ம டைம்டேபிள் அப்படிப்பட்ட ஆளா? கட்டம் போட்ட நோட்டு வாங்கி, அட்டை போட்டு, பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தலைவலி சும்மா வலிக்காது, அடிக்கும். சின்ன அடிக்குப் புள்ளி, பெரிய அடிக்குக் கோடு, நடுவில் விடுகிற இடைவெளிக்கு வெற்றுக் கட்டம். திங்கள், புதன், வெள்ளி, மாலை ஐந்தரை முதல் ஆறரை. திங்கள் என்றால் வாரம் தொடங்குகிற கவலை, புதன் என்றால் மேனேஜர் கூட்டம், வெள்ளி என்றால் வாரம் முழுக்கச் சேர்ந்த களைப்பு என்று ஓரத்தில் காரணமும் எழுதியிருந்தார்.

டாக்டர் அந்த நோட்டில் மாத்திரைக் கணக்கை மட்டும்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, “இவ்வளவு மாத்திரை போட்டா மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். எல்லாத்தையும் நிறுத்துங்க. ஓய்வு, தண்ணி, தூக்கம், அமைதி. அவ்வளவுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அது போன வாரம். இன்றைக்குத் திங்கள். வருகிற சனிக்கிழமை மகளின் பள்ளி ஆண்டு விழா.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. போன வருஷம் மகள் அவருக்காக முன் வரிசையில் ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். அவர் வீட்டில் ஈரத் துண்டோடு படுத்துக் கிடந்தார். அதற்கு முந்தின வருஷம் போனார், பத்து நிமிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அவர் எழுந்து போனதை மகள் மேடையிலிருந்து பார்த்தாள். இந்த வருஷம் அவள் வா என்றே கூப்பிடவில்லை. அழைப்பிதழ் ஃபிரிட்ஜ் மேல், தண்ணீர் ஜாடிக்கு அடியில் இருந்தது. ஜாடியை எடுத்தபோதுதான் பார்த்தார். ஈர வளையம் பதிந்த அழைப்பிதழ்.

“நான் வர்றேன்டா இந்தத் தடவை” என்றார் மகளிடம்.

“பார்க்கலாம்ப்பா” என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி அன்பாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அவளுக்குப் பதிமூன்று வயது. எப்போதோ ஒரு நாள் டிரம்ஸ் கத்துக்கணும் என்று கேட்டாள். அவர் ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. நல்ல பெண், அப்புறம் கேட்கவே இல்லை. இப்போது கீழ்வீட்டு டீச்சரிடம் கணக்கு டியூஷன் போகிறாள். போவதற்கு முன்னால் நாற்பத்திரண்டு வாங்கினாள். போக ஆரம்பித்த பிறகு முப்பத்தெட்டு. அதைப் பற்றிக் கேட்க நினைப்பார், அதற்குள் தலை வலிக்க ஆரம்பித்துவிடும்.

ஆக, சனிக்கிழமைக்குள் மாத்திரை இல்லாமல் இந்தத் தலையை வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து நாள் இருக்கிறது. நேர அட்டவணைக்காரருக்கு ஐந்து நாள் தாராளம் என்று நினைத்தார் பாவம்.

திங்கள் சாயங்காலம் வழக்கம்போல இரும்புக் கட்டிலில் படுத்தார். ஐந்தரைக்கு ஆரம்பித்தது. ரெண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி, ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி. புள்ளி, புள்ளி, கோடு என்று எழுதிக்கொண்டே கிடந்தார்.

செவ்வாய்க்கிழமை டிப்போவில் செக்கரிடம் சொன்னார். செக்கர் என்றால் பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கிறவர். ஊரில் உள்ள எல்லா வியாதிக்கும் வைத்தியம் வைத்திருக்கிற ஆள். அவருக்கே முதுகு வலி, அது வேறு விஷயம்.

“யோவ் டைம்டேபிள், தலையணை வச்சுக்கிறியா?”

“வச்சுக்கிறேன்.”

“கட்டில்?”

“இரும்புக் கட்டில்.”

“அவ்வளவுதான், முடிஞ்சுது! கழுத்து வளைஞ்சா ரத்தம் எப்படிய்யா மேல போகும்? தலையணையைத் தூக்கி எறி. வெறும் தரையில மல்லாக்கப் படு. பின்மண்டை தரையில நல்லா பதியணும். ஒரே நாள்ல சரியாகலைன்னா வந்து சொல்லு.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படுக்கையறையில் வெறும் தரையில் மல்லாந்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு வலிக்காத நாள். அதனால் சும்மா ஒத்திகை பார்க்கலாம் என்றுதான் படுத்தார்.

ஐந்தரைக்கு அடித்தது. கட்டிலில் அடித்ததைவிட ரெண்டு மடங்கு. பின்மண்டையில் யாரோ உட்கார்ந்து குட்டுகிற மாதிரி.

“ஏம்மா! இங்க வாயேன்! இன்னிக்குச் செவ்வாய்தானே?”

“செவ்வாய்தாங்க. ஏன்?”

“செவ்வாய்க்கிழமையும் வலிக்குது! வியாதி முத்திடுச்சு!”

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். அவள் முகத்தில் கவலையைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

“பொண்ணு எங்க?”

“டியூஷன். பரீட்சை வருதுல்ல, இந்த வாரம் பூரா தினமும் வரச் சொல்லியிருக்காங்க.”

“அதுவாவது உருப்படட்டும்” என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை மைத்துனன் வந்தான். அக்கா போனில் அழுதிருக்கிறாள், பையன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன். அவனைக் கேட்டால் உலகத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் சூடுதான் காரணம்.

“அத்தான், உங்க தலை சூடாயிருக்கு. மெஷினுக்கு வெளிக்காத்து விடற மாதிரி சூட்டை வெளியே தள்ளணும். இந்த அறையிலேயே குளிர்ச்சியான சுவர் எது?”

அவனே தடவித் தடவிப் பார்த்து, மூலையில் தூண் இருக்கிற இடத்தைக் காட்டினான். கீழேயிருந்து மேல்வரை போகிற கான்கிரீட் தூண். அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னான்.

“எவ்வளவு நேரம்?”

“சூடு இறங்குற வரைக்கும்.”

நின்றார். செய்யக் கூடாத தப்பைச் செய்துவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து இருபதுக்குச் சுகமாகத்தான் இருந்தது. “பரவால்லையே மாப்பிள்ளை!” என்றுகூடச் சொன்னார். ஐந்தரைக்கு நெற்றிக்குள் இடி இறங்கியது. பல்லெல்லாம் கூசியது. ஆனாலும் மனுஷன் நகரவில்லை. மருந்து கசந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லையா? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழுக்க நின்றார்.

“எப்படியிருக்கு அத்தான்?”

“இறங்குதுடா.”

“சூடா?”

“உசுரு.”

நெற்றியில் சுண்ணாம்பு வட்டமாக ஒட்டியிருந்தது. மைத்துனன் அதைத் துடைத்துவிட்டு, சுவர் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலையில் டிப்போ அல்லோலகல்லோலப்பட்டது. புதன்கிழமை டைம்டேபிள் போட்டுக் கொடுத்த புது அட்டவணைப்படி பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. ரெண்டு சின்ன பஸ் அடுத்தடுத்துக் கிளம்பும். உடனே ஒரு பெரிய பஸ். அப்புறம் ஒன்றுமே கிடையாது, ஒரு நீண்ட இடைவெளி. மறுபடி ரெண்டு சின்ன பஸ், ஒரு பெரிய பஸ். நிறுத்தத்தில் நின்ற ஜனங்கள் முதலில் மகிழ்ந்து, பிறகு குழம்பி, பிறகு டிப்போவுக்கே நேரில் வந்துவிட்டார்கள்.

“என்னய்யா இது?” என்றார் செக்கர், அட்டவணையைத் தூக்கிப் பிடித்து. “பஸ் விடறியா, தாளம் போடறியா?”

டைம்டேபிள் வாங்கிப் பார்த்தார். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு நிமிடம் தப்பாகப் போட்டதில்லை அவர். தலைக்குள் இருப்பது கை வழியாக வெளியே வந்துவிட்டது. மேனேஜர் திட்டக்கூட இல்லை. “ரெண்டு நாள் வீட்ல இருங்க, உடம்பைப் பாருங்க” என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசல்வரை கூடவே வந்த செக்கர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “வெந்நீர்! ஒரு வாளி வெந்நீர்ல காலை வையி. தலையில ஈரத் துண்டு. காதுல பஞ்சு. கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திடு. தலையில இருக்கிற ரத்தம் காலுக்கு இறங்கியே தீரணும், வேற வழியே இல்ல அதுக்கு.”

வியாழன் சாயங்காலம் குளியலறையில் முக்காலி போட்டு, வாளியில் காலை விட்டு, காதில் பஞ்சும் தலையில் துண்டுமாக உட்கார்ந்தார். கதவைச் சாத்தியாகிவிட்டது. அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. ஐந்தரைக்கு அந்த அமைதிக்குள் அடி இன்னும் தெளிவாக விழுந்தது. காதில் பஞ்சு இருந்ததால் வேறு எதுவும் கேட்கவில்லை, உடம்புக்குள் அது மட்டும்தான் இருந்தது. தலை குனிந்து வாளியைப் பார்த்தார்.

தண்ணீர் ஆடியது.

ரெண்டு சின்ன வளையம். ஒரு பெரிய வளையம். கொஞ்சம் நிதானம். மறுபடி ரெண்டு சின்ன வளையம்.

டைம்டேபிள் இன்னும் குனிந்து பார்த்தார். தலைவலி காலுக்கு இறங்கி, கால் வழியாகத் தண்ணீருக்கே போய்விட்டது! உலகத்தில் இப்படி ஒரு தலைவலி எவனுக்காவது வந்திருக்குமா? செக்கர் கெட்டிக்காரன்தான், ரத்தம் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் வலியையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. நோட்டை எடுத்து எழுதினார். வளையம் எண்ணினார். ஓர் இடத்தில் மூன்று சின்ன அடி வேகமாக வந்து தடுமாறியது. அதையும் விடாமல் எழுதி, பக்கத்தில் ‘இங்கே வலி தடுமாறுகிறது’ என்று குறித்தார். அப்புறம்தான் கூப்பிட்டார்.

“ஏம்மா! ஓடி வா! என் தலைவலியைப் பாரு!”

அவள் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறப்பதற்குள் மணி ஆறரை. தண்ணீர் அசையவே இல்லை.

“எங்கங்க?”

“இங்கதான்… இப்பத்தான்… தண்ணிக்குள்ள இருந்துச்சு.”

“என்ன இருந்துச்சு?”

“தலைவலி.”

மனைவி அவரையே பார்த்தாள். ஈரத் துண்டு, காதுப் பஞ்சு, வாளிக்குள் ரெண்டு வெளிறின கால். அப்படியே கதவோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள், அதையும் சத்தம் வராமல். அந்த அழுகையைப் பார்த்ததும் அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. இந்த வீட்டில் அழுவதற்குக்கூட ஒருத்திக்குச் சத்தம் கிடையாதா?

வெள்ளிக்கிழமை அவர் எந்த வைத்தியமும் செய்யவில்லை. கட்டிலில் படுத்து, அடிப்பதை அடிக்கவிட்டு, எழுதிக்கொண்டு மட்டும் கிடந்தார். ஆறே முக்காலுக்கு மகள் வந்து எதிரில் நின்றாள். வியர்த்திருந்தது. கணக்குப் போட்டால் இப்படியா வியர்க்கும், பாவம் எவ்வளவு கஷ்டமான கணக்கோ என்று நினைத்துக்கொண்டார்.

“அப்பா, நாளைக்கு நீங்க வர வேண்டாம்ப்பா.”

“ஏன்டா?”

“அங்க… சத்தமா இருக்கும். உங்களுக்கு முடியாது. நான் தப்பா நினைக்க மாட்டேன், சத்தியமா.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். “தலை வெடிச்சு ரெண்டா போனாலும் சரி, ஒரு பாதியாவது அங்க வந்து உட்காரும்” என்றார். அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். பையில் ஈரத் துண்டு, பஞ்சு, தண்ணீர் பாட்டில். மடியில் நோட்டு, கையில் பென்சில். வலி வந்தால் எழுதிக்கொண்டே உட்கார்ந்திருப்பது, எழுந்து மட்டும் போவதில்லை என்று தீர்மானம்.

பக்கத்தில் மனைவி காரணமில்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோவிச்சுக்காதீங்க” என்றாள்.

“எதுக்கு?”

திரை விலகியது. மேடையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வாத்தியங்களோடு நின்றார்கள். எல்லாருக்கும் பின்னால், நட்ட நடுவில், டிரம்ஸுக்குப் பின்னே அவர் மகள். கையில் ரெண்டு குச்சி. அவள் கண் ஒவ்வொரு வரிசையாகத் தேடி, மூன்றாம் வரிசையில் வந்து நின்றது. குச்சி அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

டைம்டேபிளுக்கு எல்லாம் புரிந்தது. மறைத்திருக்கிறார்கள். தன் தலைக்குப் பயந்து, பெற்ற பெண் தன் ஆசையைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைத்திருக்கிறாள். மேடையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடி என்று வாயசைத்தார்.

அடித்தாள். அரங்கமே அதிர்ந்தது. அவர் ரெண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். முதல் பாட்டு முடிந்தது, வரவில்லை. ரெண்டாவது பாட்டுக்கு வருமென்று பார்த்தார், வரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி மேடையே மங்கலாகத் தெரிந்தது. என்ன வாசித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அடுத்த அடி எங்கே விழும் என்று ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே தெரிந்தது. பெற்ற தகப்பன்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார். நோட்டு மடியிலிருந்து நழுவி எங்கேயோ விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. தட்டினார், தட்டினார், பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்த பிறகும் தட்டினார்.

வெளியே நடைவழியில் மகள் ஓடி வந்தாள். ரெண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். “தலை வலிக்குதாப்பா?”

“இல்லடா” என்றார். சொல்லிவிட்டுத் தலையைத் தட்டிப் பார்த்தார். “துளிகூட இல்ல. இனிமே வீட்லயே அடி. என் தலைமாட்டுலயே அடி.”

அவள் வந்து கட்டிக்கொண்டாள். மனைவி மூக்கைச் சிந்தினாள், பல வருஷத்துக்குப் பிறகு நல்ல சத்தமாக.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழ்வீட்டு டீச்சர் வந்தார். அகலமான தோள், பலமான கை. கையில் அட்டை போட்ட ஒரு நோட்டை விரித்துப் படித்துக்கொண்டே வந்தார். டைம்டேபிளுக்கு இருந்த சந்தோஷத்தில், கேட்க நினைத்ததை இன்றைக்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

“வாங்க டீச்சர்! இவ்வளவு நாளா டியூஷன் எடுக்கிறீங்க, ரொம்ப நன்றி. ஆனா அந்தக் கணக்குதான் கொஞ்சம்…”

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மகள் தரையைப் பார்த்தாள். டீச்சர் இது எதையும் காதில் வாங்காமல், நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, ஆச்சரியமாகக் கேட்டார்:

“உங்க நாற்காலிக்குக் கீழதான் கிடந்துச்சு, சார். நாலு மாசமா மேல கேட்காம கம்பளி போத்தி நான் நடத்தின டிரம்ஸ் பாடத்தை ஒரு கிளாஸ் விடாம இவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்களே, வியாழக்கிழமை இவ தடுமாறின இடம்கூட இருக்கே, யாருங்க அது?”